மேடையில் வைத்த மாத்திரை

சுசீலா அந்த மாத்திரை அட்டையை மேடையில் வைத்ததும் எமி கீபோர்டில் இரண்டு கட்டைகளைத் தப்பாக அழுத்தினாள். பதினோரு வருடமாக வாசிக்கிறாள். தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தாலும் தப்பு வராத பாட்டு அது. முன்வரிசைப் பாயில் இருந்த நாகம்மா உடனே தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாஸ்டர் மகள் எங்கே சறுக்குவாள் என்று பார்ப்பதற்கென்றே சபையில் பத்துப் பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அயனம்பாக்கம் ஏரியைத் தாண்டித் தகரக் கூரை போட்ட நீளமான கூடம். உச்சி வெயிலில் தகரம் காய்ந்து, மின்விசிறிகள் அனலைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நூறு பேர் கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே சுசீலா தன் எட்டு வயது மகள் சுவேதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அட்டையை எடுத்து, மேடை விளிம்பில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள்.

இந்தச் சபையில் அது ஒரு வழக்கம். பிராந்தி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு. தாயத்தை அறுத்து வைத்தவர்கள் உண்டு. மகளின் ஜாதக நோட்டை வைத்தவர் உண்டு. இத்தனை நாள் எதை நம்பினாயோ அதை மேடையில் வை, இனிமேல் கர்த்தரை மட்டும் நம்பு என்பது எமியின் அப்பா பாஸ்டர் சாலமன் சொல்லிக் கொடுத்த பாடம். மாத்திரையை மட்டும் இதுவரை யாரும் வைத்ததில்லை.

பாஸ்டர் அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"தேவ ஜனமே, கண்ணத் தொறந்து பாருங்க. இந்தச் சகோதரி இத்தன நாளா இதத்தான் நம்பினாங்க. குழந்தைக்கு ஃபிட்ஸு. டாக்டர் சொன்னாரு, விடாம சாப்பிடணும்னு. ஆனா இன்னிக்கு இவங்க யார நம்பி வந்திருக்காங்க? என் மகள் எமீமாளுக்குச் செஞ்சவர், இந்தக் குழந்தைக்குச் செய்ய மாட்டாரா?"

"செய்வார்" என்று கூடம் சொன்னது.

அப்பா கீபோர்டு பக்கம் திரும்பிச் சிரித்தார். "எமி, நீ ஒரு ஆமென் சொல்லும்மா."

எமியின் முன்னால் ஒரு மைக் நின்றுகொண்டிருந்தது. அவள் ஆமென் சொன்னாள். சொல்லிவிட்டாள், பாவி.

அவளுடைய கீபோர்டு பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள், கைக்குட்டையில் சுற்றிய ஒரு அட்டை இருந்தது. அப்பா தூக்கிப் பிடித்திருந்த அதே வாடாமல்லி நிற மாத்திரை. அவர் கையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாஸ்டர் வீட்டுப் பிள்ளையாக வளர்வது என்றால் என்னவென்று அப்படி வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மற்ற வீட்டில் குழந்தை மாங்காய் திருடினால் முதுகில் ஒன்று வைப்பார்கள், விஷயம் அதோடு முடிந்தது. எமி ஒன்பது வயதில் பக்கத்து வீட்டு மரத்தில் மாங்காய் பறித்தாள்; ஞாயிற்றுக்கிழமை அது பிரசங்கமாக வந்தது. கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கினாள், அதுவும் பிரசங்கம். பத்தாவதில் கூடப் படித்த ஸ்ரீராம் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அப்பாவின் கையில் சிக்கியது. அது இரண்டு ஞாயிறு ஓடியது. 'எனக்குத் தெரிஞ்ச ஒரு வாலிபப் பொண்ணு' என்று அப்பா ஆரம்பித்தாலே இருநூறு தலை கீபோர்டு பக்கம் திரும்பும். பூ கூடாது, பொட்டு கூடாது, தோடு கூடாது, சினிமா கூடாது. தீபாவளிக்குத் தெருவே வெடித்துக்கொண்டிருக்கும், இவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். 'ஏய் அல்லேலூயா' என்றுதான் தெருப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். தலையெழுத்து என்று இதற்கெல்லாம் பழகிக்கொண்டாள். கர்த்தர் தன்னைச் சுகமாக்கினார் என்று மேடையில் சொல்லும் சாட்சிக்குத்தான் பழக முடியவில்லை.

எட்டு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அப்போது அவள் பெயர் கார்த்திகா. அப்பாவுக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை, சாயங்காலத்தில் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம். முப்பது பேர் வந்தால் அதிகம். மகளுக்காக அப்பா நாற்பது நாள் உபவாசம் இருந்தார். அதே நாற்பது நாளில் அம்மா அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வலிப்பு நின்றது. எதனால் நின்றது என்று கேட்க ஆள் இல்லை. அப்பா மகளை மேடையில் ஏற்றி, கர்த்தர் சுகமாக்கினார் என்று அறிவித்தார். வேதத்தில், பாடுபட்ட ஒரு மனுஷனுக்கு, அதிலிருந்து மீண்ட பிறகு பிறந்த மகளின் பெயர் எமீமாள். அதை இவளுக்குச் சூட்டினார். கூட்டம் சேர்ந்தது. அப்பா வேலையை விட்டார். முப்பது முந்நூறாயிற்று, வீட்டு மாடி தகரக் கூடமாயிற்று.

மாத்திரை மட்டும் நிற்கவில்லை. உள்ளூர் மருந்துக் கடையில் விசுவாசிகள் பார்த்துவிடுவார்கள் என்று அம்மா மாதம் ஒருமுறை ஆவடிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரி சீட்டில் இன்றைக்கும் பெயர் கார்த்திகாதான். வலிப்பெல்லாம் கார்த்திகாவுக்கு, சுகமெல்லாம் எமீமாளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். அம்மா பதினான்கு வருடமாக அதைத்தான் தினம் இரண்டு வேளை செய்தாள். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவாருடி' என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள்.

பதினைந்து வயதில் எமி தானாகவே நிறுத்திப் பார்த்தாள். மேடையில் அப்பா சொல்வதை அந்த வயதில் அவள் முழுசாக நம்பினாள். மூன்றாம் நாள் காலை பாத்ரூமில் விழுந்து, இடது புருவத்தில் நான்கு தையல். பாத்ரூம் வழுக்கிவிட்டது என்று சபைக்குச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பித்ததை வைத்து அப்பா முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அன்றைக்கே எமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் மைக்கைப் பிடித்து, 'அன்றிலிருந்து இன்று வரைக்கும் எனக்கு அந்த வியாதி இல்லை' என்று ஏழு வருடம் சொன்னாளே, அது அவள் செய்தது. அதைப் பூசி மெழுகுவதற்கில்லை.

அந்தச் சாட்சியை யாரோ ஃபோனில் பிடித்து யூடியூப்பில் போட்டார்கள். தொண்ணூறாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருத்திதான் திருவேற்காட்டுச் சுசீலா.

உபவாசம் முடிந்து எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எமி சுசீலாவைத் தேடிப் போனாள். சுசீலா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மகளுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. யூனிஃபார்ம் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சுவேதாவின் நெற்றியிலும் உச்சந்தலையிலும் ஜெப எண்ணெய் வழவழவென்று வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"இன்னியோட அஞ்சு நாளு பாப்பா. ஒன் சாட்சிய கேட்டுட்டுத்தான்." சுசீலாவின் முகம் பூரித்திருந்தது. "ஊட்ல நாலு தபா போட்டுப் பாத்தேன். நீ அழுதுகினே சொல்லுவியே, அப்ப நானும் அழுவேன்."

"இந்த அஞ்சு நாள்ல விழுந்தாளா?"

சுசீலா கொஞ்சம் தயங்கினாள். "நேத்து காலைல ஒருவாட்டி. பாஸ்டர்கிட்ட சொன்னேன். போற பிசாசு சும்மா பூடுமா, ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுத்தான் போவும், பயப்படாதன்னாரு."

எமி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, திடீர்னு நிறுத்தக் கூடாது. ஆபத்துக்கா. ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் குடுங்க. டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க."

சுசீலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பூரிப்பு போய்விட்டது. "இன்னா பாப்பா, நீயே இப்பிடி பேசுற. பாஸ்டர் மின்னாடியே சொல்லி வெச்சாரு. யாராச்சும் கிட்ட வந்து ஒன் விசுவாசத்த அசைச்சுப் பாப்பாங்க, கேக்காதன்னாரு. அது நீயா இருப்பன்னு நான் நெனைக்கல."

நானும் அதைத்தான் முழுங்குகிறேன் அக்கா. இந்த ஒரு வாக்கியம் போதும். அது எமியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாகம்மா ஜூஸ் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றாள். வாக்கியம் வந்த வழியே உள்ளே போய்விட்டது. சுசீலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள். குழந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து எமிக்கு டாட்டா காட்டியது.

மறுநாள் சனிக்கிழமை. எமி தரச் சோதனை வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா வீட்டு முன்னறை மேஜையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எமி தன் கைக்குட்டையை அவிழ்த்து, மாத்திரை அட்டையை அப்பாவின் நோட்டுக்கு மேலேயே வைத்தாள்.

அம்மாவின் கையிலிருந்த மொச்சை தட்டில் விழுந்தது. "அய்யோ, ஏண்டி."

"அப்பா, நான் இத விட்டதே இல்ல. பதினாலு வருஷமா சாப்பிடுறேன். சுவேதாவுக்கு மாத்திரை குடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அந்த அக்கா கேக்கும். இன்னிக்கே ஃபோன் பண்ணுங்க."

அப்பா திடுக்கிடுவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், அழுவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். அவரோ அட்டையை ஒரு விரலால் ஓரமாக நகர்த்திவிட்டுப் பேனாவுக்கு மூடி போட்டார்.

"உள்ள எடுத்து வை. யாராச்சும் வரப் போறாங்க."

எமிக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"லாக்டவுன்ல ஒங்கம்மா ஆவடி போவ முடியாம தவிச்சாளே, அப்ப மாத்திரை எங்கேந்து வந்துச்சுன்னு நெனச்ச? பூந்தமல்லி வரைக்கும் வண்டியில போய் நாந்தான் வாங்கியாந்தேன். ரெண்டு எடத்துல போலீஸ் நிறுத்துனான். பொண்ணுக்கு ஃபிட்ஸு மருந்து சார்னு சொன்னதும் விட்டான்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தகப்பனின் பெருமைகூட இருந்தது.

போலீஸ்காரனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். சபைக்குத்தான் சொல்லவில்லை. பதினான்கு வருடம் அப்பாவின் மனம் உடையக் கூடாதென்று பாத்ரூமில் நின்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, சத்தம் கேட்காமல் அட்டையைப் பிரித்து விழுங்கியவள் அவள். யாருக்கும் உடையாத ஒரு மனத்துக்காக.

"அப்ப சுவேதா?"

"கர்த்தர் பாத்துப்பார்."

"என்னைய ஏன் கர்த்தர்கிட்ட விடல? எனக்கு மட்டும் ஏன் பூந்தமல்லி வரைக்கும் போனீங்க?"

"நீ எம் பொண்ணு எமி. ஒன்ன வெச்சு நான் எப்பிடி அந்த ரிஸ்க் எடுக்க முடியும்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. புரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் பேசினார். "யோசிச்சுப் பாரு. முந்நூறு பேரு. குடிச்சிட்டு பொண்டாட்டிய அடிச்சவன்லாம் இன்னிக்கு மனுஷனா இருக்கான். அதெல்லாம் எத நம்பி? ஒன் சாட்சிய நம்பி. அதப் போயி நாம கலைக்கலாமா? நாளைக்கு மொத ஞாயிறு. அந்த சுசீலா சிஸ்டரையும் கொழந்தையையும் மேடையில ஒன் பக்கத்துல நிக்க வெக்கிறேன். நீ வழக்கம்போல சொல்லு, போதும்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். எமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கர்த்தர் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர் பாவம், அவர் பெயரில் நடப்பதற்கெல்லாம் அவரா பொறுப்பு? அம்மாவைப் பார்த்தாள்.

"ஒனக்கும் தெரியுமாம்மா, அப்பாவுக்குத் தெரியும்னு?"

அம்மா மொச்சையை உரித்துக்கொண்டே சொன்னாள். "நம்ம புள்ள நல்லா இருக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?"

எமி அட்டையை எடுத்துக்கொண்டாள். சுசீலாவின் எண்ணுக்கு ஏழு முறை அழைத்தாள். நான்கு முறை யாரும் எடுக்கவில்லை, பிறகு அணைத்துவைத்திருப்பதாகச் சொன்னது. திருவேற்காட்டில் எந்தத் தெரு என்று நாகம்மாவிடம் கேட்டாள். "எதுக்குக் கேக்குற? பாஸ்டர் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாரே" என்றாள் நாகம்மா. அப்பா அதற்குள் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டிருந்தார். ஒரே ஒரு கதவைத்தான் அவரே திறந்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்து வழிந்தது. உள்ளே இடமில்லாதவர்களுக்கு வெளியே பந்தல் போட்டு, தெருப் பக்கம் பார்த்துக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அப்பா சுசீலாவை மேடைக்கு அழைத்தார். வெளுத்த நீலப் புடவையில் வந்து நின்றாள். சுவேதா நெற்றியிலும் உச்சியிலும் புதிதாகத் தடவிய ஜெப எண்ணெயோடு அம்மாவின் இடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றது. குழந்தையின் கண்ணில் தூக்கக் கலக்கம் தெரிந்தது. கீழுதட்டில் ஒரு புதுக் காயம் இருந்தது, பல் பட்டதுபோல. எமி அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அப்பா கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"பாருங்க, எம் பொண்ணுக்கு எவ்ளோ ஆர்வம்" என்றார் அப்பா. கூடம் கை தட்டியது.

எமி மைக்கை வாங்கினாள். வழக்கமாக அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். இன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கைக்குட்டையைப் பிரித்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினாள். காலை வேளைக்கு உரியது. வேண்டுமென்றே விழுங்காமல் வைத்திருந்தாள். பிரசங்க மேஜையில் அப்பாவின் தொண்டைக்கென்று அம்மா வைத்திருந்த வெந்நீரை எடுத்து, முந்நூறு பேர் பார்க்க அதை விழுங்கினாள்.

முன்வரிசையில் இரண்டு பேர் பாயை விட்டு எழுந்து நின்றார்கள்.

"சுவேதாவுக்குக் குடுத்த அதே மாத்திரை. ஆஸ்பத்திரி சீட்டுல எம் பேரு கார்த்திகா. எட்டு வயசுலேந்து காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, இன்னிக்கு வரைக்கும் சாப்பிடுறேன். ஒரே ஒரு தடவ நிறுத்துனேன். மூணாம் நாள் விழுந்தேன். இந்தப் புருவத்துல இருக்கிற தழும்பு அதுதான், பாத்ரூம் வழுக்கல. கர்த்தர் எனக்கு ஒண்ணும் செய்யலன்னு நான் சொல்லல. அவர் செஞ்சது டாக்டர் மூலமா. அத நாங்க ஒங்ககிட்ட மறைச்சோம். நான் பொய் சொன்னேன். சுசீலா அக்கா, அந்த மாத்திரைய..."

மைக் செத்துப் போனது. ஓரத்தில் சவுண்ட் பார்க்கும் ஜீவாவுக்கு அப்பா கையைக் காட்டியதை அவள் கவனித்தாள். டிரம்ஸ் அடிக்கச் சொல்லி இன்னொரு கை. ஒரு நிமிடத்தில் கூடமே இரைச்சலாகிவிட்டது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஒரு பக்கம், யாருக்கும் புரியாத அந்நிய பாஷை ஜெபம் ஒரு பக்கம். நாகம்மா இரண்டு கையையும் எமியின் பக்கமாக நீட்டிக்கொண்டு பிசாசை விரட்ட ஆரம்பித்திருந்தாள்.

எமி மைக்கை மேஜையில் வைத்துவிட்டுச் சுசீலாவின் முன்னால் போய் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"பொய்யா?" என்றாள் சுசீலா. அந்த இரைச்சலில் அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அத்தனியும் பொய்யா?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணு வுழுந்தப்போ, எனக்கு விசுவாசம் பத்தலன்னு சொன்னாரு ஒங்கப்பா. ரெண்டு நாளா சோறு துன்னல நானு. வெறும் வயித்தோட தரை தொடைச்சேன். இன்னிக்கு காலைலகூட வுழுந்துச்சு. வெளிய சொன்னா என் விசுவாசத்த கொற சொல்வாங்கன்னு, ரத்தத்த தொடச்சிட்டு, புதுச் சொக்கா மாட்டி இட்டாந்தேன்." அவள் எமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்; நகம் பதிந்தது. "நீ பாட்டுக்கு ஊட்ல முழுங்கிகினு, இங்க வந்து அழுது காட்னியா? எம் பொண்ணு செத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? அதுக்கும் ஒரு பாட்டு வாசிச்சிருப்பியா?"

எமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "திட்டுங்கக்கா, அப்பறமா எவ்ளோ வேணாலும் திட்டுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போலாம். என் மாத்திரை அவளுக்கு ஆவாது, அளவு வேற. டாக்டர்தான் சொல்லணும். நானும் வரேன்."

சுசீலா ஒரு கணம் கூடத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வாசலில் செருப்பு விட்டிருந்த இடத்தில் எமியின் அம்மா நின்றிருந்தாள். மகளின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், தன் முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாவுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

ஆட்டோ கிடைத்தது. கிளம்புவதற்குள் கூம்பு ஸ்பீக்கர் உயிர் பெற்றுவிட்டது. அப்பாவின் குரல் தழுதழுத்தது. எப்போது தழுதழுக்க வேண்டும் என்று அந்தக் குரலுக்குத் தெரியும்.

"சபையே, எனக்காக ஜெபிங்க. என் மகளுக்கு அந்தப் பழைய வியாதி திரும்ப வந்திருக்கு. இந்தத் தடவ மூளையத் தாக்கியிருக்கு. என்ன பேசுறோம்னே அவளுக்குத் தெரியல. அவள உங்க சொந்தப் பிள்ளையா நெனச்சு..."

மாங்காயில் ஆரம்பித்த பிரசங்கம் இன்னும் முடியவில்லை. அடுத்த ஞாயிறும் இவள்தான், அதற்கடுத்த ஞாயிறும் இவள்தான். எமிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது. "அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க" என்றாள். ஆட்டோ ஏரிக்கரைத் திருப்பத்தில் வளைந்தது. ஸ்பீக்கர் சத்தம் தேய்ந்து, பஸ் ஹாரனில் கரைந்தது.

சுசீலா எமியின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுவேதா அரைத் தூக்கத்தில் கிடந்தது. சுசீலா சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒங்கப்பாவுக்கு தெரியுமா, நீ மாத்திரை துன்றது?"

இன்னும் ஒரு பொய் சொல்ல இடமிருந்தது. அப்பாவுக்குத் தெரியாது, அவர் நம்பித்தான் சொன்னார் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் பாதியாவது தப்பித்திருப்பார். சபையும் தப்பித்திருக்கும். பதினான்கு வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே அந்தப் பக்கம் போகப் பார்த்தது.

"தெரியும்கா. லாக்டவுன்ல பூந்தமல்லி போய் வாங்கியாந்து குடுத்ததே அவர்தான்."

சுசீலா முந்தானையை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் பளபளத்துக்கொண்டிருந்த ஜெப எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி, வகிடு, காதோரம். எண்ணெய் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. அழுத்தி அழுத்தி, தோல் சிவக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்குதும்மா" என்றது சுவேதா.